கும்பிடு பூச்சியைக் கண்டறிவோம்

(உழவர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



வீட்டுத் தோட்டத்திற்கு மருந்து தெளிக்கும் முன், அங்கே கும்பிடு பூச்சி இருக்கிறதா என்று ஒரு முறை தேடிப் பாருங்கள். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். உழவியல் கற்பிப்பவனுக்குப் பூச்சியைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். எந்தச் செடிக்குப் பக்கத்தில் எந்தச் செடியை நடுவது, வேலியை எப்போது வெட்டிவிடுவது, வெட்டிய குச்சிகளை என்ன செய்வது என்பவையெல்லாம் உழவியலைச் சேர்ந்தவை. கும்பிடு பூச்சி நம் தோட்டத்தில் தங்குமா, தங்காதா என்பது பெரும்பாலும் இவற்றைப் பொறுத்ததே.

அடையாளம்

இதைப் பெருமாள் பூச்சி, தயிர்க்கடைப் பூச்சி என்றும் சொல்வதுண்டு. முன்னங்கால் இரண்டையும் மடக்கி உயர்த்திக் கும்பிடுவது போல் நிற்கும். அந்தக் கும்பிடு பக்தியினால் அன்று, பசியினால். அக்கால்களின் உட்புறத்தில் ரம்பப் பல் போல முட்கள் வரிசையாக உள்ளன. ஈ, அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி, தத்துப்பூச்சி, இலை தின்னும் புழு ஆகியவை எட்டும் தூரத்தில் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்து உயிருடன் தின்னும். இலை, பூ, காய் எதையும் கடிக்காது. நம்மைக் கொட்டாது, நஞ்சும் இல்லை. இறுக்கிப் பிடித்தால் மட்டும் கால் முள் குத்தும்.

பலர் இதை வெட்டுக்கிளி என்று எண்ணி அடித்துவிடுகிறார்கள். வெட்டுக்கிளிக்குப் பின்னங்கால்கள் பருத்திருக்கும். கும்பிடு பூச்சிக்கு முன்னங்கால்களே பருத்தவை. தலை முக்கோண வடிவம், கழுத்து நீளம். நீங்கள் நகர்ந்தால் அதுவும் தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கும்.

தேடும் முறை

காலையில் பனி உலரும் முன்போ, மாலையில் வெயில் தாழ்ந்த பின்போ பாருங்கள். அவரைப் பந்தலின் அடியில் நின்று, வெளிச்சத்தை நோக்கி மேலே பார்த்தால் இலைக்குப் பின்னால் இருப்பதன் உருவம் தெரியும். கறிவேப்பிலை, முருங்கை, செண்டுமல்லிப் பூ, கிளுவை வேலி ஆகியவை இது விரும்பித் தங்கும் இடங்கள். நிறத்தைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். பச்சை இலையில் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் பழுப்பாகவும் இருக்கும். மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும் இனங்களும் உண்டு. ஆகவே உருவத்தைத் தேடுங்கள். காற்றில்லாத நேரத்தில் ஓர் இலை மட்டும் மெல்ல ஆடினால் அருகே சென்று பாருங்கள். இரவில் திண்ணை விளக்கைச் சுற்றும் பூச்சிகளைப் பிடிக்கவும் இது வருவதுண்டு.

பூச்சியைவிட முக்கியமாக அறிய வேண்டியது அதன் முட்டைக் கூடு. தாய்ப் பூச்சி நுரை போன்ற ஒன்றைச் சுரந்து, அதற்குள் முட்டைகளை அடுக்கி வைக்கும். நுரை காய்ந்து, பழுப்பு நிறத்தில், லேசான தக்கை போலக் குச்சியிலோ சுவரிலோ ஒட்டியிருக்கும். ஏதோ நோய்க் கட்டி என்று நாம் சுரண்டி எறிவது இதைத்தான். ஒரு கூட்டிலிருந்து பல பத்துக் குஞ்சுகள் வெளிவரும்; இனத்தைப் பொறுத்து நூற்றுக்கு மேலும் வரலாம். இறக்கையில்லாத சிறு குஞ்சுகள் சில எறும்பு போலவே தோன்றும். கூட்டின் பக்கவாட்டில் ஊசி குத்தியது போல் வட்டத் துளைகள் இருந்தால், ஒட்டுண்ணிக் குளவி அந்த முட்டைகளைத் தின்றுவிட்டது என்று கொள்க.

ஏன் தேட வேண்டும்?

அவரைக் கொடியில் அசுவினி கண்டவுடன் கைத்தெளிப்பானை எடுத்துவிடுகிறோம். அசுவினி ஆண் துணையின்றியே குட்டி போடும். அக்குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தானும் குட்டி போடத் தொடங்கும். கும்பிடு பூச்சியோ முட்டையிலிருந்து வந்து, பல முறை தோலுரித்து, முழு வளர்ச்சியடையச் சில மாதங்கள் ஆகும். ஒரே தெளிப்பில் இரண்டும் மடிந்தால் முதலில் திரும்பி வருவது எது? அசுவினிதான். அப்போது அதைத் தின்னப் பொறிவண்டும் இல்லை, கும்பிடு பூச்சிக் குஞ்சும் இல்லை. மீண்டும் தெளிக்கிறோம். அந்தக் காயையே அன்று மாலை பறித்துக் குழந்தைகளுக்குப் பொரியல் செய்கிறோம்.

அதற்காகக் கும்பிடு பூச்சி எல்லாப் பூச்சியையும் ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கத்தரிக்காய்க்குள் புகுந்த புழுவை அதனால் எட்ட முடியாது. தேனீயையும் வண்ணத்துப் பூச்சியையும் தின்னும். பசித்தால் தன் இனத்தையே தின்னும். குறிப்பிட்ட ஒரு பூச்சியை அடக்க, அதற்கென்றே உள்ள எதிரி வேண்டும். 2008இல் கோவையில் முதலில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளிப் பயிர்களைச் சூறையாடியது உங்களுக்கு நினைவிருக்கும். மருந்துக்கு அடங்காத அது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட அசிரோஃபேகஸ் என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவிக்கு அடங்கியது. அக்குளவி பெருகிய இடங்களில் மருந்து தெளித்தால் முதலில் சாவது குளவிதான்.

கும்பிடு பூச்சி அப்படிப்பட்ட தனி மருந்தன்று. அது ஓர் அளவுகோல். பலவகை இரை தொடர்ந்து கிடைத்து, நஞ்சும் இல்லாத இடத்தில்தான் அது வளர்ந்து முட்டையிடும். ஒரு கூடு கண்டால், கண்ணுக்குத் தெரியாத குளவிகளும் பொறிவண்டுகளும் சிலந்திகளும் அங்கே வேலை செய்கின்றன என்று நம்பலாம்.

செய்ய வேண்டியவை

1. வேலியையும் முருங்கையையும் ஒரே நாளில் முழுவதும் வெட்டாமல், பகுதி பகுதியாக வெட்டுங்கள்.

2. வெட்டிய குச்சிகளில் கூடு இருந்தால், அந்தத் துண்டை மட்டும் நறுக்கி எறும்பு ஏறாத கிளையில் கட்டிவிடுங்கள். குப்பையோடு கொளுத்திவிடாதீர்கள்.

3. காய்கறிப் பாத்தியின் ஓரத்தில் செண்டுமல்லி, தட்டைப்பயறு, சோளம் என்று கலந்து நடுங்கள்.

4. அசுவினி கண்ட கொழுந்தைக் கிள்ளி அழியுங்கள். அல்லது தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

5. அதற்கும் அடங்காவிட்டால் 5 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயன்படுத்துங்கள். 500 கிராம் வேப்பம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்துப் பிழிந்து, 10 லிட்டராக்கிச் சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து, பாதித்த செடிக்கு மட்டும் மாலையில் தெளிக்கலாம்.

வாரம் ஒரு நாள், கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நம்மைவிட அவர்கள் கண் கூர்மையானது. கண்ட கூடுகளை எண்ணிக் குறித்து வையுங்கள். அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடினால், உங்கள் தோட்டத்துக் காய் உங்கள் வீட்டுக் குழந்தை உண்ணத் தக்கது என்பதற்கு அது ஒரு நல்ல சான்றாகும்.