இளைத்தவளுக்குக் கொள்ளு

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எனக்கு இங்கே இங்கிலாந்தில் மாலை. சிங்கப்பூரிலிருந்து கேட்பவர்களுக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும். தூக்கத்தைத் தள்ளிவைத்து வந்ததற்கு நன்றி.

‘பிற உயிர்களும் எழுத்தும்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் பாளையங்கோட்டைப் பக்கம் பிறந்து, நர்சிங் டிப்ளமோ படித்து, இருபது வருடங்களாக வார்டில் நிற்பவள். இலக்கியக் கோட்பாடு எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு குதிரையைத் தெரியும். அதைப் பற்றிச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஷ்ராப்ஷயரில் ஒரு சிறிய கிராமம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு புல்வெளி, அதில் ஒரு பெண் குதிரை. பழுப்பு நிறம், பதினான்கு வயது. அதன் சொந்தக்காரர் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா. குதிரையைப் பார்த்துக்கொண்டது அவருடைய கணவர்தான். அவர் இறந்த பிறகு பாட்டியம்மாவுக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. சில நாள் இரண்டு தடவை தீனி போடுவார், சில நாள் போடவே மாட்டார். கொடுமை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் விளைவு ஒன்றுதான்.

இரவுப் பணிக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு வருடம் அந்த வேலியைக் கடந்திருக்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. குளிர்காலத்தில் குதிரைக்கு ரோமம் அடர்ந்து வளரும். உள்ளே எலும்பு துருத்திக்கொண்டிருந்தாலும் வெளியே கொழுகொழுவென்றுதான் தெரியும். போன பிப்ரவரியில் ஒருநாள் அது வேலியோரம் வந்து நின்றது. தயங்கித் தயங்கி விலாவில் கை வைத்தேன். ஒவ்வொரு எலும்பையும் எண்ண முடிந்தது. நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் சார்ட் எழுதக்கூடாது என்று பயிற்சி மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான்.

பாட்டியம்மா அன்று தெளிவாக இருந்தார். “நீ நர்ஸ்தானே, இவளை நீயே எடுத்துக்கொள்ளேன்” என்றார்.

எனக்குக் குதிரையோடு என்ன பழக்கம்? சின்ன வயதில் ஞாயிறு ஆராதனைக்குப் போகும் வழியில் அய்யனார் கோயில் மண்குதிரைகளைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் சரி என்று சொல்ல வாய் துடித்தது. அம்மாவிடம் போனில் சொன்னேன். “ஏட்டி, ஒனக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா? ஆட்டுக்குட்டிகூட வளத்தவ இல்ல நீ” என்றாள். கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “நீ நைட் டியூட்டியில இருக்கும்போது யார் பார்ப்பா?”

நான் இருவருக்கும் பதில் சொல்லவில்லை. தமிழ்க் கடையில் வாங்கி வைத்திருந்த ஒரு கிலோ கொள்ளை ஊறவைத்து, குக்கரில் வேகவைத்து, பாத்திரத்தோடு வேலிக்குப் போனேன். குதிரைக்குக் கொள்ளு என்பது நமக்கு ரத்தத்தில் ஊறியதல்லவா?

அடுத்த பண்ணைக்கு லாடம் கட்ட வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, “பாத்திரத்தில் என்ன?” என்று கேட்டார். சொன்னேன். “பட்டினி கிடந்த குதிரைக்கு வயிறு நிறைய இதைக் கொடுத்தால், நான்கைந்து நாளில் செத்துப்போகும்” என்றார்.

அந்த நிமிடம் எனக்குக் கால் நடுங்கியது. ஏனென்றால் அவர் சொன்னது எனக்குத் தெரியும். ரீஃபீடிங் சிண்ட்ரோம். நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் தின்று வாழப் பழகியிருக்கும். திடீரென்று மாவுச்சத்து வந்தால் இன்சுலின் பெருகும். ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடிவிடும். இதயம் தடுமாறும். இரண்டாம் உலகப் போரில் முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட கைதிகள் பலர், பிழைத்தோம் என்று நினைத்துச் சாப்பிட்ட பிறகுதான் இறந்தார்கள். வார்டில் இப்படிப்பட்ட நோயாளிக்கு மில்லிலிட்டர் கணக்கில் உணவேற்றியிருக்கிறேன். வேலிக்கு இந்தப் பக்கம் வந்ததும் அந்த அறிவெல்லாம் எங்கே போயிற்று?

இன்னொன்றும் உண்டு. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று நம் பழமொழியே சொல்கிறது. அதையும் மறந்திருந்தேன்.

மறுநாள் கால்நடை மருத்துவர் வந்தார். குதிரையின் உடல்நிலையை ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பிடும் ஒரு அளவுகோல் இருக்கிறது. 1983இல் ஹென்னகி என்பவர் வகுத்தது. அதில் இவளுக்கு இரண்டு. தீனியாக அவர் சொன்னது லூசர்ன் என்ற உலர்புல். தேடிப் பார்த்தால் தமிழில் அதற்குப் பெயரே குதிரைமசால்! மாவுச்சத்து குறைவு, பாஸ்பரஸும் மக்னீசியமும் கிடைக்கும். முதல் சில நாள்கள் நான்கு மணிக்கு ஒருமுறை அரைக் கிலோ, இரவிலும் தவறாமல். பிறகு மெதுவாகக் கூட்ட வேண்டும்.

அவரும் லாடக்காரரும் என்னிடம் கேள்விகள் கேட்டார்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ யாரை ஏற்பாடு செய்வாய்? பல்லை யார் ராவுவார்? குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. நள்ளிரவில் வயிற்றுவலி கண்டு தரையில் புரண்டால் என்ன செய்வாய்? ஆவாரம்பூ மாதிரி இருக்கிறதே என்று நான் ரசித்த மஞ்சள் பூச்செடி ராக்வொர்ட்; ஈரலைக் கெடுக்கும் விஷம். அதைக் களைந்தாயா? குதிரை கூட்டமாக வாழும் பிராணி, இன்னொரு குதிரை எங்கே? இது முப்பது வயது வரைகூட இருக்கலாம். அப்போது உனக்கு என்ன வயது?

கணக்குப் போட்டேன். அறுபத்திரண்டு.

இங்கே 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, தற்காலிகமாகப் பொறுப்பேற்றாலும் அது பொறுப்புத்தான். அன்றிரவு தூங்காமல் யோசித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், நான் ஏற்கெனவே மனதில் ஒரு கதை எழுதிவிட்டேன். அதில் ஒரு தமிழ் நர்ஸ் இருந்தாள். குதிரையைக் காப்பாற்றினாள். கடைசிக் காட்சியில் குதிரை அவள் தோளில் முகம் வைத்தது. அந்தக் கதையில் குளம்பு இல்லை, பல் இல்லை, லத்தி அள்ளுவது இல்லை. குதிரையே இல்லை. நான்தான் இருந்தேன்.

குதிரைகளுக்கான அறக்கட்டளை ஒன்றிடம் பேசினோம். பாட்டியம்மா கையெழுத்திட்டார். வண்டி வரும்வரை நானும் கணவரும் மகளும் முறை வைத்து நான்கு மணிக்கு ஒருமுறை தீனி வைத்தோம். வண்டியில் ஏற்றும்போது அழுதேன். நர்ஸ் ஒருத்தி தன் நோயாளியைக் கைவிட்டுவிட்டாள் என்றுதான் பல வாரம் தோன்றியது.

பிறகு ஒருநாள் ஆலயத்தில் நல்ல சமாரியன் உவமையை வாசித்தார்கள். நூறு தடவை கேட்டது. அன்றுதான் பின்பாதி காதில் விழுந்தது. அவன் காயங்களைக் கட்டினான். பிறகு அந்த மனிதனைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சத்திரத்தில் ஓர் இரவு உடனிருந்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து ஒப்படைத்துவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். ஆனால் மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக வாக்குக் கொடுத்தான்.

திரும்பி வருவது. அதுதான் எனக்கு மிச்சமிருந்த வேலை.

இப்போது பணியில்லாத சனிக்கிழமைகளில் அங்கே போகிறேன். லாயம் கூட்டுகிறேன், லத்தி அள்ளுகிறேன், குளம்பில் ஒட்டிய சேற்றை எடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். எட்டு மாதத்தில் அவள் ஐந்துக்கு வந்துவிட்டாள். ஐந்துதான் சரியான அளவு. ஒரு கிழட்டு மட்டக்குதிரையோடு நெருக்கமாகிவிட்டாள். என்னைப் பார்த்தால் ஓடி வருவதெல்லாம் இல்லை. ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்ப்பாள், பிறகு மேய்ச்சலைத் தொடர்வாள்.

பாட்டியம்மா இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஒவ்வொரு முறையும் போனில் எடுத்த படத்தைக் காட்டுவேன். “யாருடைய குதிரை இது? அழகாக இருக்கிறதே” என்பார். “உங்களுடையதுதான்” என்பேன்.

பிற உயிர்களைப் பற்றி எழுத நினைக்கும் நண்பர்களுக்கு ஒன்றுதான் சொல்ல முடியும். முதலில் விலாவில் கையை வைத்துப் பாருங்கள். கதையை அப்புறம் எழுதலாம்.