நெல்லில் எழுதினால் போதுமா?

(ஒக்கூரில் நாம் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச வந்த விஷயம் மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தைகளைப் பற்றியது. அற்ப விஷயமென்று எண்ணிவிடாதீர்கள். அந்த வயதில் புத்தகத்தையே தொடாத பிள்ளை, பள்ளிக்கூடத்தில் முதல் நாளே பின்தங்கி நிற்கிறது. பிறகு நாமே, “படிப்பு வராது, தலையெழுத்து” என்று கைவிட்டு விடுகிறோம்.

விஜயதசமியன்று நெல்லைப் பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறார்கள். மறுநாள் நெல் பானைக்குப் போய்விடும். பிள்ளையிடம் என்ன மிஞ்சும்? தமிழெழுத்து 247; ஒரு நாள் சடங்கில் வந்துவிடுமா? எழுத்துக்கு முன்னே காது பழகவேண்டும். ‘கல்’லும் ‘பல்’லும் ஒன்றுபோல் முடிவதை விளையாட்டாக அறியவேண்டும். புத்தகத்தை எப்படித் திறப்பது, வரி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண் பழகவேண்டும். நிறையச் சொற்களைக் கேட்டிருக்கவேண்டும். யாராவது நாள்தோறும் கதை வாசித்துக் காட்டினால் இவ்வளவும் வரும். படித்தவர் வீட்டில் இது சும்மா கிடைக்கிறது. அதற்குப் ‘பரம்பரைப் புத்தி’ என்று பெயர்! கூலிக்காரர் பிள்ளைக்கு எங்கே கிடைக்கும்? நூலகத்தில்தான் கிடைக்கவேண்டும்.

இது நடவாத காரியமா? 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்தது. நீங்கள் கட்டும் வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ஆகவே நூலகம் எவரும் போடும் பிச்சையல்ல, உங்கள் காசு. சென்னையில் 2010-லும் மதுரையில் 2023-லும் திறந்த பெரிய நூலகங்களில் குழந்தைகளுக்கென்றே தனிப்பகுதி இருக்கிறது. பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிப்படியாகச் சிறு புத்தகங்கள் போட்டிருக்கிறது. பட்டணத்துப் பிள்ளைக்குத் தகும் ஏற்பாடு கிராமத்துப் பிள்ளைக்கு ஏன் தகாது?

ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண்பாற் புலவரின் 8 பாட்டுகள் சங்கத் தொகைகளில் இருக்கின்றன. அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். வயல் வேலைக்குப் போகும் தாயின் பெண்குழந்தை எழுத்துக்கூட்டத் தெரியாமல் நின்றால் அந்தப் பெருமையால் என்ன பிரயோஜனம்?

நாம் கேட்பது மாளிகையல்ல. கிளை நூலகத்தில் குழந்தைக் கைக்கெட்டும் உயரத்தில் ஓர் அலமாரி, ஒரு பாய், வாரத்தில் ஒரு மணி நேரம், உரக்க வாசிக்க ஓர் ஆள். படித்த வாலிபர்கள் முறைவைத்து வரலாம். எழுத்தறியாத தாயும் வரலாம், படத்தைக் காட்டி, “இது என்ன?” என்று கேட்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை. எந்த ஜாதிப் பிள்ளையானாலும் அந்த ஒரே பாயில் உட்காரவேண்டும். வருகிற ஞாயிறே இதைத் தொடங்கவேண்டுமென்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்கிறோம்.