யார் செய்யறது, நடுவர் அவர்களே?

(தலைப்பு: நண்பர்களோடு ஓட்டல் விருந்து – நட்புக்கு வரவா? பர்ஸுக்குச் செலவா? ‘நட்புக்கு வரவே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய ஐயா என்ன சொன்னார்? “இத்தாலி ஓட்டல்ல நானூறு ரூபா கொடுத்துத் திங்கறதை வீட்டிலேயே நாற்பது ரூபாயில செஞ்சுடலாமே!” என்றார். ரொம்பச் சரி. செஞ்சுடலாம். யார் செய்யறது? (பலத்த கைதட்டல்) அதை மட்டும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாரே! மாவு பிசையறது யார், பாத்திரம் தேய்க்கிறது யார்? அந்தக் கூலியை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை, நடுவர் அவர்களே!

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் இத்தாலிய ஓட்டல் திறந்தார்கள். கல்லூரித் தோழிகள் நாங்கள் நாலு பேர் போனோம். நாலு பேருக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேலே ஆச்சு. கணவர், பிள்ளை, மாமியார் யாரும் இல்லாமல் நாங்கள் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. தட்டைக் கொண்டு வந்த தம்பியைப் பார்த்ததும் ஒருத்தி எழுந்து நின்று, “குடுப்பா, நான் பரிமாறிடறேன்” என்கிறாள்! (சிரிப்பு) கையைப் பிடித்து உட்கார வைத்தோம். சிரிப்பு வந்தது. கொஞ்சம் தொண்டையும் அடைத்தது.

ஸ்பகெட்டி வந்தது. மென்று பார்த்துவிட்டு, “தம்பி, இன்னும் ஒரு கொதி விட்டிருக்கணும்” என்றாள் இன்னொருத்தி. “இல்லீங்க மேடம், இதுதான் அல் தெந்தே” என்றார் அந்தத் தம்பி. இத்தாலிய மொழியில் ‘பல்லுக்கு’ என்று அர்த்தமாம். கடித்தால் நடுவிலே லேசாகப் பல்லில் தட்டுப்பட வேண்டும். ஒரு இழையை எடுத்துக் கடித்துப் பார்த்துத்தான் இறக்குவார்கள். நமக்கு ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். அவர்களுக்கு ஒரு சட்டிக்கு ஒரு இழை பதம்!

இதையெல்லாம் அந்நியச் சாப்பாடு என்று எதிரணி பயமுறுத்துகிறது. உங்கள் வீட்டு சேமியா பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். ‘வெர்மிசெல்லி’ என்று போட்டிருக்கும். அது இத்தாலியச் சொல்தான். குட்டிப் புழுக்கள் என்று பொருள்! (சிரிப்பு) பாயசம் குடிக்கும்போது இதை நினைச்சுக்க வேண்டாம். தக்காளி மட்டும் என்ன, இத்தாலிக்காரங்க சொத்தா? நம்ம சொத்தும் இல்லை. 1492-க்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. அவங்க சாஸ் பண்ணினாங்க, நாம ரசம் வைச்சோம். அவ்வளவுதானே!

பிட்சா பிறந்த ஊர் நேப்பிள்ஸ். அங்கே பிட்சா சுடும் கலையை 2017-ல் யுனெஸ்கோவே மரபுச் செல்வம் என்று பட்டியலில் சேர்த்தது. அந்த ஊரில் வெட்டாமல் ஆளுக்கு ஒண்ணு முழுசாக வைப்பார்கள். நாங்களோ ஒண்ணே ஒண்ணு வாங்கி எட்டாக வெட்டச் சொன்னோம். ஓரத்து மொறுமொறுப்பு எனக்கு, நடுவிலே வழிகிற சீஸ் அவளுக்கு. இந்த விஷயத்தில் இத்தாலிக்காரரை நாம் மிஞ்சிவிட்டோம் என்பேன்! கூட்டாளிக்கு அவர்கள் மொழியில் ‘கொம்பாஞ்ஞோ’ என்று பெயர். லத்தீன் வேரைத் தோண்டினால், ரொட்டியைப் பங்கு போட்டுத் தின்கிறவன் என்று வரும். ஐயா, கூட்டாளி என்கிற சொல்லுக்குள்ளேயே ரொட்டி இருக்கிறது. பர்ஸ் இல்லை! (கைதட்டல்)

ஆனால் எதிரணித் தலைவி சொன்ன ஒன்றை நான் ஒத்துக்கொள்கிறேன். பில்லைச் சமமாகப் பிரித்தால் இல்லாதவளுக்குத்தான் வலிக்கும் என்றார். உண்மை. எங்கள் நாலு பேரில் ஒருத்தி தையல் கடை வைத்திருக்கிறாள். எங்கே கூப்பிட்டாலும், “பசியில்லைடி, எனக்கு ஒரு காபி போதும்” என்பாள். மெனு அட்டையின் வலது பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். விலை அங்கேதானே இருக்கு!

அதற்காகப் போகாமல் இருந்துவிடுவதா? தீபாவளிச் சீட்டு மாதிரி ஒரு டப்பா வைத்தோம். மாதம் ஆளுக்கு 200 ரூபாய், ஐந்து மாதம். 4000 சேர்ந்தது. அந்தச் சீட்டை ஆரம்பித்ததே தையல்காரிதான்! பணம் டப்பாவுடையது, யாரும் யாருக்கும் வாங்கிக் கொடுக்கவில்லை. அன்றைக்குத்தான் அவள் பசிக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னாள்.

பில் வந்தது. சாப்பாடு 2860, அதற்குமேல் ‘சேவைக் கட்டணம்’ என்று 286. பேங்கில் வேலை பார்க்கிற தோழி விடுவாளா? “தம்பி, இதைக் கட்டாயமாப் போடக்கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லியாச்சு. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்ல அதை உறுதி பண்ணியாச்சு” என்றாள். மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிட்டார்கள். ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. 143. ஆக மொத்தம் 3003. அந்தத் தம்பிக்கு நாங்களாகவே 100 ரூபாய் கையில் கொடுத்தோம். அது வேற கணக்கு.

மணி அடிச்சுட்டீங்க, நடுவர் அவர்களே. டப்பாவில் இன்னும் 897 ரூபாய் இருக்கு. அடுத்தது எந்த ஓட்டல் என்று நாலு பேரும் போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். தையல்காரி சீன ஓட்டல்தான் வேணும்னு ஒத்தக் காலில் நிற்கிறாள். (கைதட்டல்)