பாவை நம்பிக் கொடுக்கிறோம், போனைக் கொடுக்க மாட்டோமா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குடிநீர், தெருவிளக்கு, குப்பை வண்டி பற்றிப் பேசுகிற இடத்தில் இந்த முறை வியாபாரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் தவறில்லை. ஆரணியில் பல வீடுகளுக்கு முன்னறைதான் கடை. முதலாளி ஓய்ந்துபோனால் உள்ளறையும் சேர்ந்து ஓய்ந்துபோகிறது.

சிறிய அளவில் பட்டுச் சேலை வியாபாரம் செய்பவரின் நாளை நீங்களே நினைத்துப் பாருங்கள். காலையில் சாயப்பட்டறை. பகலில் ஒண்ணுபுரத்துக்கோ தேவிகாபுரத்துக்கோ வண்டியை எடுத்துக்கொண்டு நெசவாளர் வீடு. மாலையில் பார்சல். சாப்பிட உட்காரும்போது வாட்ஸ்அப். "அண்ணா, எம்.எஸ். புளூவுல அரக்கு பார்டர் இருக்கா?" "கடைசி விலை சொல்லுங்க." "நேத்து கேட்டேனே, பார்சல் எங்க இருக்கு?" இரவு பதினொன்றரைக்கும் அந்தப் போன் அடங்குவதில்லை. மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவராக இருந்தால் 11ஆம் தேதி ஜி.எஸ்.டி. விற்பனைக் கணக்கு, 20ஆம் தேதி 3பி என்று இரண்டு கெடு வேறு.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில், 2019இல், இந்த வேலைக் களைப்புக்கு மூன்று அடையாளம் சொன்னது. உடம்பிலும் மனதிலும் சக்தி வற்றிப்போவது. செய்கிற தொழில் மீதே வெறுப்பும் ஒட்டாத தன்மையும் வருவது. முன்பு போல் வேலை கைவராதது. இதை நோய் என்று அது சொல்லவில்லை, வேலையால் நேரும் நிலை என்றுதான் சொல்கிறது. ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் போனாலும், எதிலும் பிடிப்பில்லை என்ற எண்ணம் வந்தாலும் டாக்டரைப் பாருங்கள். மார்பு வலி என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அதை உதவியாளர் வைத்துச் சரிசெய்ய முடியாது.

அடுத்த நிலைக்கு வருகிறேன். "இதையெல்லாம் இன்னொருத்தர்கிட்ட எப்படிங்க கொடுக்கிறது?" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான். சேலையை நீங்களா நெய்கிறீர்கள்? முறுக்கேற்றுவது ஒருவர், சாயம் போடுவது ஒருவர், பாவு ஓட்டுவது ஒருவர், பிணைப்பது ஒருவர், தறியில் உட்காருவது ஒருவர். ஆயிரக்கணக்கான ரூபாய் பெறும் பட்டையும் ஜரிகையையும் இன்னொருவர் வீட்டில் விட்டுவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்குகிறோம். காரணம் வெறும் நம்பிக்கை இல்லை. எடை போட்டுக் கொடுக்கிறோம், சேலை வந்ததும் எடை போட்டு வாங்குகிறோம், கழிவு எவ்வளவு என்று முன்பே பேசியிருக்கிறோம். போன் வேலைக்கு அந்தத் தராசு நம்மிடம் இல்லை. அதனால்தான் பயம்.

விர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்றதும் கம்ப்யூட்டர் தானே பேசும் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் சொல்வது மனிதரை. வேறு ஊரிலோ அடுத்த தெருவிலோ தன் வீட்டில் உட்கார்ந்து, பேசிய மணி நேரத்துக்கு உங்கள் வேலையைப் பார்ப்பவர். இது பெருநகரத்துச் சமாச்சாரம் மட்டுமல்ல. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவோடு தொடங்கிய தேசிக்ரூ நிறுவனம் 2007இலிருந்தே தமிழகக் கிராமங்களில் மையம் வைத்து, வெளியூர் நிறுவனங்களின் அலுவலக வேலையைச் செய்து கொடுத்தது. நம் ஊரிலேயே பட்டம் வாங்கிவிட்டு, குழந்தை சின்னது, வேலூர் போய்வர முடியாது என்று வீட்டில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! பட்டு, ஜரிகை, பேட்டு என்று சொன்னால் புரிந்துகொள்ளும் தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு நீங்கள் பாதி பாடம் சொல்லித் தரவே வேண்டாம்.

எதைக் கொடுப்பது? ஒரு வாரம் உங்களுக்கு வந்த கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். வந்த கேள்வியே திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். சில்க் மார்க் உண்டா, ரவிக்கைத் துணி சேர்ந்ததா, எத்தனை நாளில் வரும், நிறம் போட்டோவில் உள்ளபடியே இருக்குமா. ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாயால் ஒரு பதில் எழுதிக் கொடுங்கள். அதுதான் நீங்கள் போட்டுக் கொடுக்கும் எடை. மாலையில் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை ஆர்டர், எது உங்கள் முடிவுக்கு நிற்கிறது என்று மூன்று வரி வாங்குங்கள். அது திரும்பி வரும் எடை. பார்சல் எண் அனுப்புவது, கேட்டலாக்கில் படம் ஏற்றுவது, பில்களை வரிசைப்படுத்தி ஆடிட்டருக்கு அனுப்புவது எல்லாம் இப்படியே போகலாம்.

கொடுக்கக் கூடாததும் உண்டு. யு.பி.ஐ. பின், ஓ.டி.பி., வங்கி பாஸ்வேர்டு யாருக்கும் கிடையாது, சொந்தத் தம்பி மகனாக இருந்தாலும். பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை, அனுப்பத்தான் தேவை. பணம் வந்ததா என்பதை உங்கள் வங்கிக் கணக்கில் நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகே பார்சல் நகர வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி அனுப்பாதீர்கள், போலிகள் நிறைய. பணம் பறிபோனால் உடனே 1930க்கு அழையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸை முதன்மைப் போன் தவிர நான்கு கருவிகளில் இணைக்கலாம், ஆனால் இணைத்தவர் எல்லா உரையாடலையும் பார்ப்பார். அதனால் கடைக்குத் தனி எண் வைத்துவிட்டுப் பிறகு இணையுங்கள். நெசவாளர் கூலி, சேலையைப் பிரித்துத் தரம் பார்ப்பது, கோபத்தோடு வரும் பழைய வாடிக்கையாளர், இந்த மூன்றும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உங்கள் பதினொன்றரை மணியை அந்தப் பெண்ணின் தலையில் கட்டினால் களைப்பு தீரவில்லை, வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வேலை நேரத்தைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு, "காலை 10 மணிக்குப் பதில் தருகிறோம்" என்று தானாகப் போகும் செய்தியை வாட்ஸ்அப் பிசினஸிலேயே அமைக்கலாம். சேலைக்காக வந்தவர் காலை வரை பொறுப்பார். சேலை இறங்கியதும் கூலி கொடுப்பது போல, சம்பளமும் சொன்ன தேதியில் போய்விட வேண்டும்.

ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில் இதைத் தொடங்காதீர்கள். ஆடியில், கை ஓய்வாக இருக்கும்போது, ஒரே ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். பார்சல் எண் அனுப்புவது போதும். முதல் இரண்டு வாரம் உங்களுக்கு வேலை கூடத்தான் செய்யும், சொல்லித்தர வேண்டுமே. புதிதாக ஒருவரைத் தறியில் உட்கார வைத்தாலும் அப்படித்தானே?

கேள்வி–பதில் தாளின் மாதிரி ஒன்றைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன், வேண்டியவர்கள் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து இந்த வேலை செய்ய விருப்பமுள்ளவர்களும் அவரிடமே பெயர் கொடுக்கலாம்.