போதகர்களும் போரின் வாசலும்



ஒரு நாடு இரண்டாகப் பிளந்து உள்நாட்டுப் போரை நெருங்கும்போது, பிரசங்க பீடத்தில் நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள்? மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர்களின் வரலாற்றை வைத்து இன்று இதைப் பேச விரும்புகிறேன்.

தேனி, போடி, கம்பம் பக்கத்தில் இருக்கும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. மதுரைச் சீமையில் பள்ளிகளும் ஆலயங்களும் கட்டிய அமெரிக்கன் மிஷன், 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்துதான் இங்கே வந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., உருவானபோது, அந்த மிஷன் வழிவந்த சபைகளோடு பிரிட்டிஷ் மெதடிஸ்ட் மரபின் சபைகளும் சேர்ந்தன. நம் ஊர் சி.எஸ்.ஐ. சபைக்கு மெதடிஸ்டுகள் அந்நியர் அல்லர்.

முதலில் அமெரிக்கா. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, அடிமை முறையைக் கண்டித்து 1774இலேயே எழுதினார். 1784இல் பால்டிமோரில் கூடிய அமெரிக்கப் போதகர்கள், சபையார் தங்கள் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டே விதியை நிறுத்தி வைத்தார்கள். சபையார் மனம் நோகக் கூடாது என்ற எண்ணம் அறுபது ஆண்டுகள் நீடித்தது. கடைசியில் பேராயரே அடிமைகளுக்குச் சொந்தக்காரராக இருந்தார். ஜார்ஜியாவைச் சேர்ந்த அந்த ஜேம்ஸ் ஆண்ட்ரூவை முன்னிட்டு 1844இல் நியூயார்க்கில் கூடிய பொது மாநாடு பிளந்தது. மறு ஆண்டு தெற்கு மெதடிஸ்ட் சபை தனியாகப் பிறந்தது.

போர் வந்தது 1861இல். அதற்கு முந்தைய ஆண்டே, வடக்குச் சபையின் போதகர் ஆன்டனி பியூலியை டெக்சாசில் ஒரு கும்பல் தூக்கிலிட்டுக் கொன்றது. இரு பக்கத்தையும் பிணைத்த கயிறுகளில் முதலில் அறுந்தது மெதடிஸ்ட் சபைதான் என்று, அடிமை முறையை ஆதரித்த செனட்டர் கால்ஹூனே 1850இல் கூறியிருந்தார். பிரிந்த சபைகள் மறுபடி சேர 1939 வரை ஆனது. அப்போதும் கறுப்பினத்தவரைத் தனிப் பிரிவில் வைத்தார்கள். அது 1968 வரை நீடித்தது.

இப்போது இலங்கை. 1814இல் அங்கே வந்த மெதடிஸ்ட் மிஷனரிகள், தெற்கே சிங்களவரிடமும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழரிடமும் போனார்கள். 1964இல் இலங்கை மெதடிஸ்ட் திருச்சபை தன்னாட்சி பெற்றபோதும் சிங்களவரும் தமிழரும் ஒரே மாநாட்டில்தான் அமர்ந்தார்கள். உலகமறிந்த யாழ்ப்பாணத்துப் போதகர் டி. டி. நைல்ஸ் அதன் தலைவராக இருந்தவர். அமெரிக்காவில் நடந்ததுபோல இந்தச் சபை உடையவில்லை. ஆனால் அதைச் சுற்றி நாடு உடைந்துகொண்டிருந்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம், 1958இலும் 1977இலும் கலவரங்கள், 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம், 1981இல் யாழ் நூலக எரிப்பு.

1982 இறுதியில் அந்தத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானவர்களில் மெதடிஸ்ட் போதகர் ஜெயதிலகராஜாவும் கத்தோலிக்கக் குருக்களும் இருந்தார்கள். 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபோது இவர்கள் உயிர் தப்பினார்கள். 1984 டிசம்பரில் மன்னார் மாவட்டம் முருங்கன் அருகே போதகர் ஜார்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார். ராணுவத்தினரே கொன்றார்கள் என்று மனித உரிமையாளர்கள் பதிவு செய்தார்கள். அவர் தமிழர், அவர் மனைவி சிங்களவர். இரண்டு இனமும் ஒரு வீட்டில் வாழ முடியும் என்று காட்டிய குடும்பம் அது.

அதே காலத்தில் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த குருநாகல் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்காகச் சிங்களவர் வெட்கப்பட்டுத் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொன்னார். அவரே சிங்களவர். தம் மக்களிடமே அதைச் சொன்னார். அந்த ஆண்டு அக்டோபரில் காலமானார்.

இவர்களால் இலங்கையின் போர் நிற்கவில்லை. 2009 வரை நடந்தது. ஆனாலும் இந்த வரலாறு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. எதிர்த் தரப்பைக் கண்டிக்கத் துணிச்சல் வேண்டியதில்லை, கைதட்டல் தானாக வரும். தன் சபையார் முகத்தைப் பார்த்து, நாம் செய்வது அநியாயம் என்று சொல்வதுதான் கடினம். அதைச் சொல்ல வேண்டிய காலம் 1983 அல்ல, 1956. அமெரிக்காவில் 1844 அல்ல, விதியை நிறுத்தி வைத்த 1785. ரத்தம் சிந்திய பிறகு சொல்லும் நல்ல வார்த்தை ஆறுதலாகும், தடுப்பாகாது.

நமக்கும் சோதனை வந்ததுண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரத்தில் கேரள எல்லையான குமுளி கொதித்தது. ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் மக்கள் அஞ்சித் திரும்பினார்கள். இங்கே கடை வைத்திருந்த மலையாளிகளும் அஞ்சினார்கள். தண்ணீர் உரிமைக்காகப் போராடுவது நியாயம். பக்கத்து வீட்டுக்காரரைப் பகைவராக்குவது எந்த உரிமையிலும் சேராது.

எனவே போதகர்களை, ஆலிம்களை, பூசாரிகளை, ஊர்ப் பெரியவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: சாதியின் பேரிலோ எல்லையின் பேரிலோ முதல் வெறுப்புப் பேச்சு கிளம்பும் அன்றே, உங்கள் சொந்த ஆட்களிடம் எழுந்து பேசுங்கள். நேயர்களே, அப்படிப் பேசுகிறவரைத் துரோகி என்று சொல்லாதீர்கள், அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.