வண்டல் என்னும் ஒரு சொல்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'ஓய்வும் ஊர்ப்பணியும்' என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இத்தலைப்பு பிறந்த கதையை நாம் அனைவரும் அறிவோம். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் ஏரிக்கரையில் உலாவி, ஆலமரத்தடியில் அமர்ந்து கவிதை படிப்பது நம் வழக்கம். அந்த நேரத்தில் ஏரியிலுள்ள சீமைக்கருவேல மரங்களை அகற்றினால் ஊருக்குப் பயனாகுமே என்று சென்ற ஆண்டு இளைஞர் சிலர் கேட்டனர். வாரமெல்லாம் உழைப்பவனுக்கு ஒரு காலைப்பொழுதையும் விட்டுவைக்கக் கூடாதா என்று மூத்தோர் சிலர் வருந்தினர். இரு சாரார் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும், இவ்விரண்டையும் ஒன்றற்கொன்று பகையெனக் கொண்டு தராசில் நிறுப்பதே பிழை என்பது என் துணிபு.

'வண்டல்' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். நீர் கொணர்ந்து படியவிடும் மண்ணுக்கு இன்று அச்சொல்லை வழங்குகிறோம். சங்கப் பாடல்களிலோ அது மகளிர் விளையாட்டின் பெயராகவும் வருகிறது. மணலால் பாவை செய்தும் சிற்றில் கட்டியும் பெண்கள் ஆடியது வண்டல் எனப்பட்டது. நீர்க்கரையில் ஆடினாலும் வண்டல். ஏரியைத் தூர்வாரினாலும் கூடையில் நிறைவது வண்டல். ஆடுகளமும் பணிக்களமும் ஒன்றாயிருந்த வாழ்க்கையை இச்சொல் எனக்கு நினைவூட்டுகிறது.

புறநானூற்றின் 243-ஆம் பாடலை நீங்கள் அறிவீர்கள். கோலூன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசவல்ல முதியவர் ஒருவர் தம் இளமையை நினைக்கிறார். மணற்பாவைக்குப் பூச்சூட்டிய பெண்களோடு கைகோத்துக் குளத்தில் ஆடியதையும், நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையேறிக் குதித்து ஆழத்து மணலை அள்ளிவந்து காட்டியதையும் சொல்கிறார். இப்பாடலை நிலையாமைக்குச் சான்றாகவே வகுப்பில் கற்பித்து வந்தேன். இப்போது வேறொன்றும் தோன்றுகிறது. அடிமணலை அள்ளிவந்த சிறுவனுக்கு அக்குளத்தின் அடி தெரியும். எங்கே பள்ளம், எங்கே சேறு என்பதை அவன் உடம்பே அறிந்திருக்கும். நீர்நிலையைக் காக்கும் பணிக்கு அந்த அறிவே முதற்படி.

அந்த அறிவை நாம் இழந்த நாளைச் சொல்ல வேண்டும். ஏழாண்டுகளுக்கு முன், மண் அள்ளியோர் விட்டுச் சென்ற குழியொன்றில் என் மாணவி ஒருத்தியின் தம்பி மூழ்கினான். அவனுக்கு வயது 13. அதன்பின் எந்தத் தாயும் பிள்ளையை ஏரிக்கு அனுப்பவில்லை. தாயரைக் குறைகூற இயலாது. ஆனால் பிள்ளைகள் இறங்காத ஏரியில் பெரியவர்களுக்கும் வேலை இல்லாது போயிற்று. மூன்றே மழைக்காலத்தில் கருவேலம் உள்வாய் முழுதும் பரவிற்று. மதகடியில் குப்பை குவிந்தது. கரைமேல் உலாவிய நாமும் ஏரியைப் பாடினோமேயன்றி அதனுள் உற்று நோக்கவில்லை. விளையாட்டு ஒழிந்த இடத்தில் காவலும் ஒழிந்தது என்பதே நான் கண்ட உண்மை.

பொதுப்பணியின் வரலாற்றையும் மெய்யாகவே நோக்க வேண்டும். முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியத்தைப் படித்துப் பெருமிதம் கொள்கிறோம். குடிமராமத்தைப் போற்றுகிறோம். ஆனால் 1858-இல் சென்னை மாகாணத்தில் அதற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டமே இயற்ற நேர்ந்தது. மண் சுமந்த தலைகள் பெரும்பாலும் ஏழை உழவருடையவை. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரை மீண்டும் திட்டமாக்கியபோது, இப்பழைய கசப்பை நினைவுகூர்ந்தோர் சிலரே. அதட்டி வாங்கும் உழைப்பைத் தொண்டு என்று அழைத்தல் தகாது. வராதவர் பெயரைக் குறித்துவைக்கும் தொண்டும் அத்தன்மையதே.

பரஞ்சோதி முனிவர் பாடிய மண் சுமந்த கதையும் இங்கே எண்ணத்தக்கது. வையைக் கரையை அடைக்க வீட்டுக்கொரு பங்கு அளந்து விட்டார்கள். ஆளற்ற முதியவள் வந்தியின் பங்கைச் சுமக்க இறைவனே கூலியாளாய் வந்தான். மண்ணும் சுமந்தான், பிட்டும் உண்டான், ஆடினான், பாடினான், உறங்கினான். அவன்மேல் விழுந்த பிரம்படி எல்லா உயிர்மேலும் பட்டது. வேலைக்கு நடுவே விளையாடியவனை அடித்த அடி உலகம் முழுவதற்கும் வலித்தது என்றே நான் அதனைப் படிக்கிறேன்.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம்; பொறுத்தருள்க. நம் ஞாயிறு உலாவில் பெண்கள் எத்தனை பேர்? பரிபாடலில் முழுமையாகக் கிடைத்த 22 பாடல்களுள் 8 வையைக்கு உரியவை. அவற்றில் மகளிரும் மைந்தரும் கூடிப் புதுப்புனலாடுகின்றனர். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்வழி நூறு நாள் வேலைக்குச் சென்று, நம் ஏரியில் கூடை சுமந்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் ஏரியின் மண்ணை அறிவார்கள். அதன் நீரில் ஒருநாளும் ஆடியதில்லை. பன்னிரண்டு வயதில் என்னையும் ஏரிக்குப் போகாதே என்று தடுத்தார்கள். இன்று 46 வயதில் முனைவர் பட்டம் உண்டு, நீச்சல் தெரியாது. வீட்டுக்கு வெளியே என்பது ஆணுக்கு ஓய்வாகவும் பெண்ணுக்கு வேலையாகவும் அமைந்துவிட்டது. வண்டலின் இருபொருளில் விளையாட்டை இழந்து மண்ணை மட்டும் சுமக்கிறோம்.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. முதல் ஞாயிறு காலை 6 மணி முதல் 8 மணி வரை ஏரிப்பணி. பிறகு குளியல், சிற்றுண்டி, கவிதை. ஏனைய ஞாயிறுகளில் கூச்சமின்றி ஓய்வெடுங்கள். கருவேலம் வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வேரோடு அகற்ற வேண்டும். ஒரே நாளில் முடியும் பணியன்று. ஆதலால் முகம் சுளிக்காமல் மீண்டும் மீண்டும் வருகிற மனம் வேண்டும். அதனைத் தருவது அந்த இடத்தின்மேல் உள்ள ஆசையே. மரத்துக்கும் முன்னதாக, உரிய அலுவலரின் இசைவு பெற்று, அக்குழிகளைச் சமன் செய்வோம். ஆழமறிந்த பெரியவர்கள் சிறுவர் சிறுமியர்க்கு நீச்சல் கற்பிக்கட்டும். படித்துறையில் பெண்களுக்கென ஒரு பொழுதை ஒதுக்குவோம். மண்வெட்டி தூக்க இயலாத வந்திகள் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் பிட்டு அவிக்கவும் வேண்டா. வந்து அமர்ந்திருந்தாலே போதும்.

அந்தப் புறநானூற்று முதியவர் தம் இளமை எங்கே சென்றது என்று இரங்கினார். குளம் எங்கே சென்றது என்று இரங்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை. நம் ஏரியின் கரையில் கோலூன்றி நிற்கும் நாள் நமக்கும் வரும். அன்று இரண்டையும் இழந்தோம் என்று நாம் புலம்ப நேராதிருக்கட்டும்.