டேங்குக்குள் என்ன சரக்கு?

(வாளையாறில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் ரயில்வேயில் ஒரு குமாஸ்தா. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு நின்றது. ரசாயனம் படித்தவன் அல்ல. ஆனால் சரக்கு ரசீது எழுதிப் பழகிய கை இது. வேகனில் என்ன சரக்கு என்று தெரியாமல் நாங்கள் ரசீது போடுவதில்லை. அபாயச் சரக்குகளுக்கென்றே ரயில்வேயில் 'ரெட் டாரிஃப்' என்று தனி விதிப்புத்தகம் உண்டு. எதை எதோடு ஏற்றக்கூடாது, எந்த அடையாளம் ஒட்டவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

சென்ற மாதம் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் லயத்துப் பையன் ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். ஒரு சேமிப்புக் கிடங்கில் காண்டிராக்டரிடம் கூலிக்கு டேங்க் கழுவுகிறான். "என்ன சரக்குடா தம்பி?" என்று கேட்டேன். "தெரியலண்ணே, கண்ணு எரியிற சரக்கு" என்றான். வேகனுக்கு ஒட்டிய சீட்டில் இருக்கும் பெயர், அந்தச் சரக்கை மூச்சில் வாங்குகிற மனிதனுக்குத் தெரியவில்லை! இன்று நான் பேசவந்தது இதைப் பற்றித்தான்.

2020 மே 7. விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலை. கொரோனா ஊரடங்கில் ஆலை ஓடவில்லை. ஆனால் டேங்கில் ஸ்டைரீன் நிறைந்து கிடந்தது. அது தேங்கிக் கிடந்தால் தானாகச் சூடேறும். குளிரவைக்க வேண்டும், சூட்டைத் தடுக்கும் மருந்தும் கலக்க வேண்டும். அங்கே சூட்டை அளக்கும் கருவி டேங்கின் அடியில் மட்டுமே இருந்தது. மேலே கொதித்தது கீழே தெரியவில்லை. விடியற்காலையில் ஆவி கிளம்பி ஊருக்குள் புகுந்தது. 12 பேர் மாண்டார்கள். ஆந்திர அரசின் உயர்மட்டக் குழு விசாரித்தது. 36 இடங்களில் அபாயச் சங்கு ஒலிக்க வசதி இருந்தும் ஒன்றுகூட ஒலிக்கவில்லை என்று அது எழுதியது.

2009 அக்டோபர் 29. ஜெய்ப்பூரில் இந்தியன் ஆயில் சேமிப்பு நிலையம். குழாய்க்கு பெட்ரோல் திறந்துவிடும் நேரத்தில் வால்வு வழியே பீறிட்டது. ஒன்றேகால் மணி நேரம் கொட்டியது. எட்ட இருந்தே வால்வை மூடும் ஏற்பாடு வேலை செய்யும் நிலையில் இல்லை. ஆவி பரவித் தீப்பற்றியது. 11 பேர் போனார்கள். பல நாள் எரிந்தது.

நம் தமிழ் மண்ணிலும் நடந்தது. 2023 டிசம்பர் 26, நள்ளிரவை ஒட்டி, எண்ணூர். கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் உடைந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். நாற்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அம்மாதம் வீசிய மிக்ஜாம் புயலில் குழாயைச் சுற்றியிருந்த பாறைகள் நகர்ந்து சேதம் செய்திருக்கலாம் என்று விசாரித்த குழு சொன்னது. அப்படியானால் புயலுக்குப் பிறகு குழாயை முழுக்கச் சோதிக்காமல் சரக்கை விட்டது ஏன்? மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 5 கோடியே 92 லட்சம் ரூபாய் இழப்பீடு விதிக்கச் சொன்னது. ஓடிய மக்களுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று முன்கூட்டிச் சொல்ல எத்தனை ரூபாய் ஆகியிருக்கும்?

நல்லதையும் சொல்கிறேன். 2025 ஜனவரி 3 விடியற்காலை, கொச்சியிலிருந்து வந்த கேஸ் டேங்கர் கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் கவிழ்ந்தது. போக்குவரத்தை நிறுத்தினார்கள், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள், அருகிலுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். ஒரு உயிரும் போகவில்லை. ஆக, கசிவெல்லாம் சாவாக முடியவேண்டும் என்று விதி இல்லை.

தோழர்களே! சட்டம் இல்லாமல் இல்லை. போபால் பலிக்குப் பிறகு, 1989-ல் அபாய ரசாயன விதிகள் வந்தன. பெரிய அளவில் சேமிக்கும் நிர்வாகம் உள்ளே ஓர் அவசரத் திட்டம் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். வெளியே ஊருக்கான திட்டமும் வருடம் ஒரு ஒத்திகையும் தனியாக வேண்டும். சுற்றுப்புற மக்களுக்கு அபாயம் என்ன, என்ன செய்யவேண்டும் என்று சொல்வது நிர்வாகத்தின் கடமை. 1996 விதிகள் மாவட்ட அளவிலும் உள்ளூர் அளவிலும் நெருக்கடிக் குழுக்கள் அமைக்கச் சொல்கின்றன. இவை பீரோவுக்குள் உறங்கினால் நமக்கு என்ன பயன்?

இன்னொன்று, மொழி. ஏலூர், அம்பலமுகள், கஞ்சிக்கோடு என்று நம் பிள்ளைகள் வேலைக்கு இறங்குகிறார்கள். எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்தில், அறிவிப்பு மலையாளத்தில். லயத்துப் பாட்டிக்கு என்ன புரியும்? கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமே தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுத இடம் தந்தது. மனு எழுதத் தமிழ் உண்டென்றால், உயிர் காக்கும் எச்சரிக்கைக்கும் தமிழ் வேண்டும். இது சலுகை அல்ல.

தாய்மார்கள் மனதில் வைக்கவேண்டியது சில:

காற்று அடிக்கும் திசையோடு ஓடாதீர்கள்; ஆவியும் உங்களோடு வரும். காற்றுக்குக் குறுக்கே விலகிப் போங்கள். வெளியேற முடியாவிட்டால் கதவு, ஜன்னல்களை அடைத்து உள்ளே இருங்கள். அமோனியா என்றால் நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். கண்ணில் பட்டால் கால்மணி நேரம் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சமையல் கேஸோ பெட்ரோலோ என்றால் தீக்குச்சி, ஸ்விட்ச், வண்டி எதையும் தொடாதீர்கள். அவை தாழ்வான இடத்தில் தேங்கும், பள்ளத்தில் ஒளியாதீர்கள். 112-க்குப் பேசுங்கள், அதுவும் விலகிப் போன பிறகு.

டேங்கர் லாரியின் பலகையில் நான்கு இலக்க எண் இருக்கும். 1005 அமோனியா, 1017 குளோரின், 1075 சமையல் கேஸ், 1203 பெட்ரோல். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொடுங்கள். தீயணைப்புக்காரரிடம் அந்த எண்ணைச் சொன்னாலே பாதி வேலை முடியும்.

டேங்க் கழுவப் போகும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. உள்ளே ஒருவன் விழுந்தால் அவனைத் தூக்க வெறுங்கையோடு இன்னொருவன் இறங்கக்கூடாது. ஒருவனைக் காக்கப் போய் மூவர் செத்த கதை இந்த நாட்டில் ஏராளம். காற்றைச் சோதிக்காமல், கயிறும் சுவாசக் கருவியும் மேலே காவலாளும் இல்லாமல் இறங்கச் சொன்னால், "இறங்கமாட்டேன்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னதற்காக வேலையை விட்டு நிறுத்தினால் சங்கத்துக்கு வாருங்கள். தனியாக நின்று சொல்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதற்குத்தான் சங்கம்.

இந்தக் கூட்டம் மூன்று கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டுகிறேன். ஒன்று, நம் குடியிருப்புக்கு அருகிலுள்ள ஒவ்வொரு சேமிப்பு நிலையத்திலும் என்ன சரக்கு, எவ்வளவு என்று தமிழிலும் மலையாளத்திலும் பலகை. இரண்டு, அடுத்த ஒத்திகையில் காண்டிராக்ட் தொழிலாளரும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும். மூன்று, உள்ளூர் நெருக்கடிக் குழுவில் நம் ஆள் ஒருவர்.

அந்தப் பையன் அடுத்த முறை வரும்போது "என்ன சரக்குடா தம்பி?" என்று மறுபடி கேட்பேன். அவன் பெயர் சொல்லவேண்டும். அதுவரை இந்த வேலை முடியாது.